நாலாம் பாடத்தில் ஒரு வரி

பண்ணேடு நிறுவனத்தில் மதிவதனிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே வேலைதான். மென்பொருளை எழுதுவது மற்றவர்கள். அதைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்குப் பாடம் எழுதுவது அவள்.

பண்ணேடு இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள். திரையில் ஐந்து கோடுகள், அவற்றின் மேல் சுரங்கள். அதற்குள்ளேயே சின்னச் சின்னக் கட்டளைகளை வரிசையாக எழுதி, 'இந்தப் பாட்டு முழுவதையும் ஒரு சுரம் மேலே தூக்கு' என்றோ, 'சொற்களைச் சுரத்துக்கு நேர் கீழே வை' என்றோ ஏவலாம். அதை ஸ்கிரிப்ட் என்பார்கள். ஸ்கிரிப்ட் கற்றுத்தரும் எட்டுத் தொடக்கப் பாடங்கள் வதனியின் பொறுப்பு. முன்பெல்லாம் அவற்றைப் படித்தவர்கள் சினிமா இசைக்கூடத்துக்காரர்கள், தேவாலயப் பாடகர் குழுவினர், இசைப் பள்ளி ஆசிரியர்கள். புரியாவிட்டால் திட்டி எழுதுவார்கள். ஆனாலும் விடாமல் கற்றுக்கொள்வார்கள்.

பிறகு தொண்டைப் பட்டை வந்தது.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் பலருக்கு மெட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். 'தண்ணீர்' என்று சொல்ல வராத வாய் ஒரு பாட்டை முணுமுணுக்கும். கட்டைவிரல் அகலமுள்ள ஒரு பட்டையைத் தொண்டையில் ஒட்டிவிட்டால், வெளியே கேட்காத முணுமுணுப்பைக்கூட அது பிடித்து அனுப்பும். பண்ணேடு அதைச் சுரமாக எழுதும். அதன்பின் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்: இந்த மெட்டு வந்தால் 'தண்ணீர்' என்று காட்டு, அந்த மெட்டு வந்தால் 'வலிக்கிறது' என்று காட்டு. ஒருவர் மெட்டு இன்னொருவருக்குப் பொருந்தாது. அதனால் ஸ்கிரிப்டை அந்தந்த வீட்டுக்காரர்களே எழுத வேண்டியிருந்தது. மனைவிகள், மகன்கள், ஓய்வுபெற்ற வங்கி குமாஸ்தாக்கள், வாழ்நாளில் ஒரு கட்டளைகூட எழுதிப் பார்க்காதவர்கள் வதனியின் பாடத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

"நூறு பேர் ஆரம்பிச்சா நாலாம் பாடத்துல அறுபத்து மூணு பேர் கழண்டுக்கறாங்க வதனி," என்றான் நரேன். அவன் அவளுடைய பிரிவின் தலைவன். அவளைவிட நாலு வயது இளையவன். "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"அது இடைவெளி பத்தின பாடம். உடம்பு முடியாதவங்க முணுமுணுக்கும்போது நடுநடுவுல மூச்சு வாங்குவாங்க இல்லையா, பட்டை அதையும் இடைவெளின்னு எழுதிடும். மெட்டு துண்டு துண்டாயிடும். ஆனா சில இடைவெளி மூச்சு கிடையாது, அவங்க வேணும்னே விடறது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத்தான் பதினோரு பக்கம்."

"எப்படிப் பிரிக்கிறது?"

"பக்கத்துல உட்கார்ந்து கேட்கணும். பழகணும். ரெண்டு வாரம் ஆகும்."

"மாமியாருக்குக் கஞ்சி குடுத்துட்டு பஸ் பிடிக்க ஓடற பொண்ணுக்கு ரெண்டு வாரம் எங்கிருந்து வரும்? அவ பாடத்தை மூடிட்டாள்னா அந்தம்மா கடைசி வரைக்கும் ஊமைதான். அதையும் யோசிச்சுக்கோ."

அவன் சொன்னதில் தப்பில்லை. வதனி இரண்டு மாதம் உட்கார்ந்து பதினோரு பக்கத்தை ஒரு பக்கம் ஆக்கினாள். மென்பொருள் எழுதுகிறவர்களிடம் சொல்லி ஒரே ஒரு கட்டளையைச் செய்து வாங்கினாள்: 'சிறு இடைவெளிகளை நீக்கு'. அரை வினாடிக்குக் குறைந்த எல்லா இடைவெளிகளையும் அது துடைத்து, இருபுறமும் உள்ள சுரங்களை ஒட்டிவிடும். மூச்சு வாங்கல் போய் மெட்டு முழுசாகிவிடும். அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டால் நாலாம் பாடம் முடிந்தது.

அதன் கீழே இரண்டு வாக்கியம் எச்சரிக்கையாக எழுதியிருந்தாள். 'சில இடைவெளிகளுக்குப் பொருள் இருக்கலாம். இந்த வரியைச் சேர்க்குமுன் அவரோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.' இருநூறு பேரிடம் பாடத்தை வெள்ளோட்டம் விட்டார்கள். எச்சரிக்கை வந்த இடத்தில் பலருக்குக் கை நின்றது. பதினைந்து பேர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

எச்சரிக்கையை எடு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நரேன் அதைப் பார்த்ததுகூட இல்லை. ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, அந்த இரண்டு வாக்கியங்களையும் அவளே அழித்தாள்.

நூற்றுக்கு முப்பத்தேழு பேர் தாண்டிய இடத்தைத் தொண்ணூற்றொரு பேர் தாண்டினார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்கு அவளை அழைத்துப் பேசச் சொன்னார்கள். ஓராண்டில் நாற்பத்தோராயிரம் வீடுகளில் அந்த வரி ஓடிக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது அப்போதுதான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நரேன் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினான்.

'மதிப்பிற்குரிய பாட ஆசிரியர் அவர்களுக்கு. என் பெயர் ஜெமிமா. என் அப்பா பாக்கியநாதன் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், முப்பது வருடம் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர். போன வருடம் வாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. நான் துணிக்கடையில் பில் போடுகிறவள். கம்ப்யூட்டரில் அதற்கு மேல் தெரியாது. உங்கள் நாலாம் பாடம் இல்லாவிட்டால் நான் பாதியில் விட்டிருப்பேன். அப்பா முன்பெல்லாம் எதற்கும் இல்லை, கூடாது என்றுதான் சொல்வார். இப்போது எதைக் கேட்டாலும் வேணும் என்கிறார். என் கல்யாணத்துக்கு ஆறு வருடம் சம்மதிக்காதவர், கேட்டதும் சம்மதித்தார். போன ஜூன் மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளாக அப்பா முணுமுணுப்பதே இல்லை. நோயின் போக்கு அப்படித்தான் என்கிறார் டாக்டர். நான் எழுதிய ஸ்கிரிப்டையும் பதினொரு மாதப் பதிவையும் இத்துடன் சேர்த்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள். நன்றி.'

எல்லோரும் கைதட்டினார்கள். வரவேற்பறைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வதனியும் சேர்ந்து தட்டினாள். இந்த ஸ்கிரிப்டையே அடுத்த பதிப்பில் உதாரணமாகப் போடலாமே என்று நினைத்து, தன் இடத்துக்கு வந்து ஃபைலைத் திறந்தாள்.

ஜெமிமா சுத்தமாக எழுதியிருந்தாள். மேலே ஒரு பட்டியல். இந்த இரண்டு சொற்களுக்கும் மெட்டை அப்பாவே தேர்ந்தெடுத்தார் என்று அருகில் ஒரு குறிப்பு. ஒரே சுரம், நீண்டு ஒலித்தால் 'வேணும்'. அதே சுரம், நடுவில் வெட்டி இரண்டாக வந்தால் 'வேண்டாம்'. இசை தெரிந்த மனிதர், எவ்வளவு சிக்கனமாக யோசித்திருக்கிறார் என்று வதனி வியந்தாள். அடுத்த வரி அவளுடையது. சிறு இடைவெளிகளை நீக்கு.

அவள் விரல் நின்றது.

பதிவை இழுத்துப் பார்த்தாள். பதினொரு மாதத்தில் திரையில் ஆயிரத்து எண்ணூறு முறை 'வேணும்' வந்திருந்தது. 'வேண்டாம்' ஒருமுறைகூட இல்லை. தன் வரியை நீக்கிவிட்டு, பட்டை அனுப்பிய திருத்தாத சுரங்களை அப்படியே ஓடவிட்டாள். ஆயிரத்து முந்நூறு 'வேணும்'கள் அவள் கண்ணெதிரே 'வேண்டாம்' ஆயின.

மூச்சாக இருக்கலாமே என்று ஒரு கணம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு இடைவெளியாக அளந்தாள். கால் வினாடி. அடுத்ததும் கால் வினாடி. நூற்றுக்கணக்கில் எல்லாமே மயிரிழை பிசகாமல் கால் வினாடி. நோயாளியின் மூச்சு அப்படி வராது. முப்பது வருடம் கையசைத்துத் தாளம் போட்ட மனிதர், பாதி உடம்பு செத்துக் கிடந்தபோதும் தாளம் தவறாமல் 'வேண்டாம்' சொல்லியிருக்கிறார். கொஞ்சம் தடுமாறி இழுத்திருந்தால் அரை வினாடி தாண்டி அது தப்பித்திருக்கும்.

முதல் மாதங்களில் நாளைக்கு எட்டு, பத்து தடவை. பிறகு மூன்று, நாலு. கடைசி ஐந்து வாரம் ஒன்றுமே இல்லை.

வதனி எழுந்து போய் முகம் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் யாரோ "கங்க்ராட்ஸ் வதனி" என்றார்கள். அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்ததை நினைத்துப் பிற்பாடு பல நாள் கூசினாள்.

நரேனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் காட்டினாள். அவன் பதிவை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தான்.

"புதுப் பதிப்புல மாத்திடலாம்," என்றான் கடைசியில். "பழைய பாடத்தைக் கொஞ்சம் சுருக்கிப் போடு. அமைதியா."

"ஏற்கெனவே அந்த வரியை எடுத்துக்கிட்ட நாற்பத்தோராயிரம் பேர்?"

"எல்லாருக்கும் இப்படி ஆகியிருக்காது. தண்ணி, சாப்பாடு, வலின்னு மெட்டு வெச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"எல்லா வீட்லயும் ஒரு வேண்டாம் இருக்கும் நரேன். அதைத்தான் எல்லாரும் சுருக்கமா வெப்பாங்க."

"சரி. அந்தப் பொண்ணு சந்தோஷமா கல்யாணம் பண்ணிட்டு இருக்கா. நீ போய் உங்கப்பா சம்மதிக்கலைன்னு சொல்லப் போறியா? அதுல யாருக்கு என்ன லாபம்?"

"அவருக்கு," என்றாள் வதனி. "அப்புறம் இன்னொண்ணு. முதல்ல அங்க ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தேன். யாருக்கும் தெரியாது. நான்தான் எடுத்தேன்."

நரேன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். "இதை வேற யார்கிட்டயும் சொல்லாத," என்றான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வதனி பாளையங்கோட்டையில் இருந்தாள். ஜெமிமாவுக்கு வருகிறேன் என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தாள்; எதற்கென்று சொல்லவில்லை. தெருவில் நாலாவது வீடு. கதவைத் திறந்தவள் ஒல்லியாக, முன்தலையில் இரண்டொரு நரையோடு இருந்தாள்.

"வாங்கக்கா. இவ்வளவு தூரம் வருவியன்னு நெனைக்கவே இல்ல. இரிங்க. எங்க வீட்டுக்காரவுக கறி வாங்கப் போயிருக்காவ, இப்பம் வந்திருவாவ."

முன்னறையில் சன்னல் ஓரமாகச் சக்கர நாற்காலியில் பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நன்றாக மழித்த முகம். இடது பக்கம் உதடு தொங்கியிருந்தது. ஜெமிமா போகிற போக்கில் அதன் ஓரத்தைக் கைக்குட்டையால் ஒற்றினாள். தொண்டையில் பட்டை இருந்தது. எதிரே சுவரில் மாட்டிய சின்னத் திரை வெறுமையாக இருந்தது. அவர் வதனியைப் பார்க்கவில்லை. தெருவையும் பார்க்கவில்லை.

தேநீர் வந்தது, முறுக்கு வந்தது. நாலாம் பாடத்தைத் தான் எப்படி ஒரு மதியத்தில் முடித்தேன் என்று ஜெமிமா சொல்லத் தொடங்கினாள். வதனியால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஜெமிமா, உள்ளே போய்ப் பேசலாமா? ஒரு விஷயம் சொல்லணும்."

சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள். வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த எதுவும் வரவில்லை. "உங்க அப்பா வேணும்னு சொல்லலை. நான் எழுதின வரி அவரோட இடைவெளியை அழிச்சிருக்கு. அவர் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கார். பெரும்பாலும் எல்லாமே."

ஜெமிமா அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"தெரியும்க்கா," என்றாள்.

வதனிக்குப் புரியவில்லை.

"மூணு மாசமாத் தெரியும். ஆறாம் பாடம் படிச்சம்லா, பழைய பதிவத் திருப்பிப் போட்டுப் பாக்கதப் பத்தி. அதப் படிச்சிட்டு, என் கல்யாணத்துக்கு அப்பா சொன்னத ஒருவாட்டி காதால கேக்கலாம்னு ஆசைப்பட்டேன். ஸ்கிரீன்ல பாத்ததுதான, சத்தமாக் கேட்டதே இல்லல்லா. கேட்டா, வெட்டி ரெண்டு. பாஸ்டர் இருந்தாவ, எங்க மாமியார் இருந்தாவ, எல்லாரும் அழுதாவ. அப்பா வேண்டாம்னு சொன்னாவ. ரெண்டு வாட்டி சொல்லியிருக்காவ."

"அப்புறமும் அந்த வரியை எடுக்கலையா?"

"எடுத்தா என்ன ஆவும்? அவுக வேற ஆளுங்க, வேற சாமி. ஆறு வருசம் அப்பா அவுகள வாசப்படி ஏற விடல. இப்பம் ஒண்ணு விட்டு ஒரு நாள் அவுகதான் அப்பாவுக்குச் சவரம் பண்ணி விடுதாவ. மாமா என்ன ஏத்துக்கிட்டாவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதாவ. அவுககிட்டப் போயி நான் எப்படிச் சொல்ல?" ஜெமிமா முன்னறைப் பக்கம் பார்த்தாள். "கல்யாணம்கூட விடுங்க. எனக்கு முப்பத்தஞ்சு வயசு, அது என் இஷ்டம். ஞாயித்துக்கெழமதான் என்னால..."

அவள் முடிக்கவில்லை. மறுபடி தொடங்கினாள்.

"வாராவாரம் கேப்பேன், சபைக் கோயிலுக்கு வாறியளாப்பான்னு. ஸ்கிரீன்ல வேணும்னு வரும். தள்ளிட்டுப் போயி முன் வரிசையில, பாட்டுக் குயருக்குப் பக்கத்துல வெப்பேன். அப்பா யாரும் ஒரு பொத்தான் போடாம வந்தாக்கூடப் பாட விடமாட்டாவ. அந்த மனுசன் வாயி ஒழுகிட்டு, அத்தன பேரு முன்னால. பிள்ளைக வந்து கையப் பிடிச்சு ஸ்தோத்திரம் சொல்லும். அழுவாவ. சந்தோசத்துல அழுதாவன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன்."

"தெரிஞ்ச பிறகு?"

"உடம்புக்கு முடியலன்னு ரெண்டு வாரம் நிறுத்துனேன். சபைல இருந்து வீட்டுக்கே வந்துட்டாவ. அவங்களே கேட்டாவ, ஸ்கிரீன்ல வேணும்னு வந்திச்சு. அவங்க முன்னால நான் என்ன சொல்ல? அடுத்த வாரம் திரும்பக் கூட்டிட்டுப் போனேன். அதுக்குப் பொறவுதான் அப்பா சத்தத்தையே நிறுத்துனாவ."

வதனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பின்னே எனக்கு ஏன் நன்றின்னு எழுதினீங்க?"

"வேற என்னன்னு எழுத? இப்படிச் செஞ்சிட்டம்னு எழுதக் கை வரல. ஃபைலச் சேத்து அனுப்புனேன்லா. யாராவது ஒருத்தர் பாத்துட்டு வருவாவன்னு இருந்தேன்." அவள் குரல் இறங்கியது. "பன்னெண்டு நாளாச்சி நான் அனுப்பி. தெனம் வாசல்ல ஒரு கண்ணு."

இரண்டு பேரும் முன்னறைக்கு வந்தார்கள். ஜெமிமா மடிக்கணினியைத் திறந்து ஸ்கிரிப்டைக் காட்டினாள். அந்த வரி மேல் சுட்டியை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "நீங்களே எடுத்திருங்கக்கா," என்றாள். வதனி அழித்தாள்.

பிறகு அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால்தான் அவர் முகம் தெரிந்தது.

"ஐயா, என் பேர் மதிவதனி. நீங்க வேண்டாம்னு சொன்னதெல்லாம் அந்தத் திரையில வேணும்னு வந்துச்சு. நான் எழுதின பாடத்துல ஒரு வரி அப்படிச் செஞ்சது. உங்க குரல்ல தப்பில்ல. நீங்க சரியாத்தான் சொன்னீங்க, ஒவ்வொரு தடவையும். இப்போ எடுத்தாச்சு."

அவர் கண்கள் மெல்லத் திரும்பின. அவளைப் பார்த்தன. பிறகு மகளைப் பார்த்தன.

"எனக்கும் தெரியும்ப்பா," என்றாள் ஜெமிமா. "மூணு மாசமாத் தெரியும். சொல்லல."

அவர் முகத்தில் ஓடியது என்னவென்று வதனிக்குச் சொல்லத் தெரியவில்லை. பாதி முகம் அசையவில்லை. அசைந்த பாதியையும் அவளால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. ஜெமிமா குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"நாளைக்குக் கோயிலுக்கு வாறியளாப்பா?"

பட்டையில் ஒரு சிறு பச்சை ஒளி துடித்தது. திரையில் எழுத்து வந்தது.

வேண்டாம்.

ஜெமிமா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. வேண்டாம். வேண்டாம். வேண்டாம். ஒவ்வொன்றின் நடுவிலும் அதே கால் வினாடி வெட்டு. யாரும் எதுவும் கேட்காமலே திரை நிறைந்து, மேல் வரிகள் உருண்டு மறைந்து, கீழே புதிது புதிதாக வந்துகொண்டிருந்தது. கறிப் பையோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றதை அதற்குப் பிறகுதான் வதனி கவனித்தாள். ஜெமிமாவின் கணவன் மாரிச்செல்வம். அகலமான தோள், சட்டையில் கிரீஸ் கறை. அவன் திரையைப் படித்தான். மனைவி முகத்தைப் பார்த்தான். எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பையைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாக உள்ளே வந்தான்.

"மாமா," என்றான். "நான் இங்க இருக்கதும் வேண்டாமா?"

பாக்கியநாதன் அவனைப் பார்த்தார். பட்டையின் ஒளி துடிக்கவில்லை. நிமிடம் போனது. வேண்டாம் என்று வரவில்லை. வேணும் என்றும் வரவில்லை.

"சரி மாமா. அவசரம் இல்ல," என்றான் மாரிச்செல்வம். பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனான். அங்கே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் திறந்தே இருந்தது.

அந்த நேரத்தில் வதனி ஒன்று செய்தாள். கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதே தெரியும். கேட்பது அவருக்காக அல்ல என்றும் தெரியும். இருந்தாலும் வாய் கேட்டுவிட்டது.

"ஐயா, என்னை மன்னிக்க முடியுமா?"

அவர் அவளை நேராகப் பார்த்து, நிதானமாக, இரண்டாக வெட்டி முணுமுணுத்தார். வேண்டாம் என்று திரை காட்டியது.

"அக்கா, அவுக ஏதோ..." என்று தொடங்கினாள் ஜெமிமா.

"இல்ல ஜெமிமா. அவர் சொன்னதுதான்," என்றாள் வதனி. எழுந்து, இருவரையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி ஜெமிமா தெருமுனை வரை கூடவே வந்தாள். வதனிக்கு அவள் கையைக்கூடப் பிடிக்கக் கூசியது.

சென்னைக்கு வந்ததும் நாற்பத்தோராயிரம் பேருக்கும் ஒரு கடிதம் எழுதினாள். நரேன் அதை நாலு நாள் வைத்திருந்தான். சட்டப் பிரிவு 'சிறு திருத்தம்' என்று போடச் சொன்னது. அப்படிப் போட்டால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று வதனி மறுத்தாள். வேலையை விட்டு அனுப்பினாலும் வெளியிலிருந்து எழுதுவேன் என்றாள். கடைசியில் நரேன், "அனுப்பு. எச்சரிக்கையை நீ எடுத்த விஷயம் மட்டும் வேணாம்," என்றான். அதையும் சேர்த்தே அனுப்பினாள். 'நாலாம் பாடத்தில் நான் தந்த வரி உங்கள் வீட்டில் ஒருவருடைய மறுப்பை அழித்துக்கொண்டிருக்கலாம். அதன் கீழே இருந்த எச்சரிக்கையை நானே நீக்கினேன். தயவுசெய்து இன்றே அந்த வரியை எடுத்துவிடுங்கள்.' அடியில் பெயர்.

நாலாம் பாடம் பழையபடி பதினோரு பக்கமாக வளர்ந்தது. மறுபடி பாதிப் பேருக்கு மேல் அங்கே விட்டுவிட்டுப் போனார்கள். அவளைத் தொடக்கப் பாடங்களிலிருந்து மாற்றி, அச்சுத் தாளின் அளவுகளை விளக்கும் பக்கங்களுக்குப் போட்டார்கள்.

திட்டிப் பல கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் முழுசாகப் படித்தாள். ஜெமிமாவிடமிருந்து ஒருமுறை செய்தி வந்தது: 'அப்பா மறுபடி பேசுகிறார். நாள் முழுக்க வேண்டாம்தான். என் கணவர் சவரக் கத்தியை எடுத்தாலும் வேண்டாம். தாடி வளர்ந்துவிட்டது. நேற்று மீன் குழம்புக்கு மட்டும் வேணும் என்றார்.'

ஒரு மாதம் கழித்து நரேன் அவளைக் கூப்பிட்டு ஒரு கணக்கைக் காட்டினான். எத்தனை வீடுகளில் இன்னும் அந்த வரி ஓடுகிறது என்று மென்பொருளால் சொல்ல முடியும். கடிதத்தைத் திறந்து கடைசி வரை படித்தவர்கள் முப்பத்து மூவாயிரம் பேர். வரியை எடுத்தவர்கள் பதினான்காயிரம்.

"பாக்கிப் பேருக்குப் புரியலையா?" என்றாள் வதனி.

"தெரியல," என்றான் நரேன். "ஒருத்தர் உனக்கு எழுதியிருக்கார். ஈரோட்டுக்காரர்."

அவள் அதைத் தன் இடத்துக்கு எடுத்துப்போய்ப் படித்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தேர்ந்த கையெழுத்து.

'அம்மணி, தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். நன்றாகப் புரிந்தது. என் மனைவி படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான் ஒருவன்தான். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நான் அவளிடம் எதையும் கேட்டுச் செய்தவன் அல்ல. இப்போதுதான் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் அவள் சரி என்கிறாள். தாங்கள் சொன்ன வரியை எடுக்க இரண்டு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. எடுத்து, அவள் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டுவிட்டால், அதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும்? அதற்கு ஏதேனும் பாடம் இருந்தால் அனுப்பி வைக்கவும்.'